கை இறங்கும் வரை

மேசையில் உட்காருகிறவளுக்கு யாரும் கை தட்டுவதில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தால் போட்டவனுக்குக் கைதட்டல், விழாவிட்டால் தடுத்தவனுக்குக் கைதட்டல். கடிகாரத்தை ஓடவிட்டு நிறுத்துகிறவள் பக்கம் ஓர் அரங்கமே திரும்பிப் பார்க்கிறது என்றால், அது திட்டுவதற்காக மட்டும்தான். இந்த வருஷ இறுதிப் போட்டி வரைக்கும் அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை. அந்தப் பெருமையில் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஊசியோடு வருகிறவளைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? வீட்டிலோ, எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் இடம்தான் என் இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடைப்பந்து அரங்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராகப் போட்ட மேசைக்குப் பின்னால், எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. டைம்கீப்பர் நாற்காலி. நான் வருவதற்கு முன்னால் வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவேன், அது யாராக இருந்தாலும்.

வேலை இதுதான். என் முன்னால் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு சுவிட்ச், பக்கத்தில் மீதி நேரத்தைக் காட்டும் சிறிய எண்கள். பெட்டியிலிருந்து ஒயர் போய், இரண்டு கூடைகளுக்கும் மேலே சுவரில் மாட்டியிருக்கும் பெரிய போர்டுகளில் அதே நேரத்தைக் காட்டும். ரெஃப்ரி விசில் ஊதினால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். பந்தை மறுபடி வெளியிலிருந்து உள்ளே எறியும்போது ரெஃப்ரி ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். உள்ளே இருக்கிற ஆட்டக்காரர் மேல் பந்து பட்டதும் கையைச் சடாரென்று இறக்குவார். நான் சுவிட்சை அமுக்குவேன். புத்தகப்படி பந்து பட்ட கணம்தான் கணக்கு, கை வெறும் அறிவிப்பு. ஆனால் மேசையிலிருந்து பார்த்தால், பாதி நேரம் பந்துக்கும் எனக்கும் நடுவில் யாருடைய முதுகாவது இருக்கும். அதனால் எங்கள் லீக்கில் எல்லாரும் பழகிவிட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. கை இறங்கினால் விரல் இறங்கும். அதுவரைக்கும் இறங்காது.

என்னை இந்த நாற்காலிக்குக் கூட்டிவந்தவன் என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி. அவன் ரெஃப்ரி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே ஸ்கூட்டரில்தான் அரங்கத்துக்குப் போவோம். வாசலில் வண்டியை நிறுத்தியதும் நான் “மேடம்” ஆகிவிடுவேன், அவன் “சார்” ஆகிவிடுவான். ஆட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான் மறுபடி அண்ணி, தம்பி.

இந்த முறை இறுதிப் போட்டியில் சிவப்பு அணியும் வெள்ளை அணியும் வந்தன. அங்கேதான் ஒரு சிக்கல். வெள்ளை அணியின் கோச்சுக்கு என் மகளைக் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள், பையனும் பெண்ணும் மாடியில் நின்று கொஞ்சம் பேசினார்கள், பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனாலும் மனசு உறுத்தியது. முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் வைத்து என் கொழுந்தனிடம் கேட்டேன்.

“தம்பி, நாளைக்கு நான் டேபிள்ல உக்காரலாமா? வெள்ளை டீம் கோச் யாருன்னு உனக்குத் தெரியும்ல.”

“பேச்சுதானே அண்ணி நடக்குது. முடிவாயிடுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? ஃபைனல் அன்னிக்கு உங்கள விட்டா நான் யார நம்புறது?”

அடுப்படியில் நின்றிருந்த அவன் மனைவி, என் ஓரகத்தி, கரண்டியைக் கிண்ணத்தில் தட்டினாள். அதே பையனை அவள் தன் அக்கா மகளுக்குப் பார்த்து வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு கோச் எழுந்து நின்றுவிட்டார். அவரை எல்லாரும் ‘இடி’ என்று கூப்பிடுவார்கள். இடிக்கும், பெரும்பாலும் மழை வராது. அவர் அணி தடுமாறிக்கொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதனால் நான் முதலில் கண்டுகொள்ளவில்லை.

“கடிகாரத்தப் பாருங்க சார்! ஒம்பதுல நின்னுட்டு மெதுவா கிளம்புது! அஞ்சுல ஒரு தரம் உக்காந்துக்குது! யாரு பிடிச்சு வச்சிருக்கா அதை?”

“பிடிச்சு வைக்க இது என்ன ஆட்டுக்குட்டியா?” என்றேன், பக்கத்தில் இருந்த ஸ்கோரருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் சிரிக்கவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் விரலைப் பார்த்தார்.

இடி விடவில்லை. ஒவ்வொரு முறை விசில் ஊதும்போதும் மேசையைக் கைகாட்டினார். பார்வையாளர்கள் பகுதியில் பாதிப்பேர் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவன் “அக்கா, ஸ்விட்ச் சூடா இருக்கா?” என்று கத்தினான். ஒரு சிரிப்பலை. என் காது மடல் எரிந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது என் கொழுந்தனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஃப்ரி மேசையைப் பார்ப்பது அதிசயமில்லை. ஆனால் இது வேறு பார்வை. லேபில் சில பேர் என் ஊசி புதுசா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

மேசையில் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கமிஷனர். ஆட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க லீக் அனுப்பும் ஆள். ஓய்வுபெற்ற பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்குகிற குரல். இரண்டாவது கால்பகுதி தொடங்கியதும் பையிலிருந்து ஸ்டாப்வாட்ச் ஒன்றை எடுத்து, மேசைக்குக் கீழே தொடையின் மேல் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கிறவளுக்கு எதிரில் இருப்பவரின் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா?

அளக்கட்டும் என்று விட்டேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் கமிஷனர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“மேடம், கோபப்படாதீங்க. பந்து பட்டதுலருந்து நான் வாட்ச் ஓட்டிப் பாத்தேன். சில சமயம் சரியா இருக்கு. சில சமயம் உங்க கடிகாரம் லேட்டா கிளம்புது.”

“கை இறங்கினதும் அமுக்குறேன் சார். ஒரு தடவைகூடத் தவறல.”

“இருக்கலாம். ஆனா பின்பாதியிலயும் இப்படியே போச்சுன்னா நான் வேற ஆள உக்கார வைக்கணும். ரிப்போர்ட்டும் எழுதணும்.”

ரிப்போர்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மேல் ஒரே ஒரு ரிப்போர்ட் போனது. அதற்கப்புறம் அவரை எந்த மேசைக்கும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் வந்து பார்வையாளர் பகுதியின் மேல்படியில் தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார். அவர் தப்பு செய்தாரா இல்லையா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. செய்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. அழுதால் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டு எழுந்தேன். இடி எங்கே நின்று கத்தினாரோ அங்கேயே போய் நின்று, அவர் பார்த்த போர்டையே பார்த்தேன். இடைவேளை நேரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது. மறுபடி ஒன்பது. ஏழு. ஐந்து. மறுபடி ஐந்து. நான்கு.

அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்த போர்டில் ஒவ்வொரு எண்ணும் ஏழு சின்ன விளக்குக் குச்சிகளால் ஆனது. கடைசி எண்ணில் இடப்பக்கம் கீழே இருக்கும் குச்சி செத்துப்போயிருந்தது. அந்தக் குச்சி இல்லாவிட்டால் எட்டு ஒன்பது மாதிரி தெரியும். ஆறு ஐந்து மாதிரி தெரியும். இரண்டுக்கும் பூஜ்யத்துக்கும் கால் ஊனம், ஆனால் அதை யார் கவனிக்கிறார்கள்? கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்பதிலும் ஐந்திலும் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கத்து போர்டும் என் பெட்டியும் சரியாகவே காட்டின.

இடியைக் கூப்பிட்டு அங்கேயே நிறுத்திக் காட்டினேன். கமிஷனரையும் கூப்பிட்டேன். என் கொழுந்தன் பின்னாலேயே வந்தான். இடி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“சரி, போர்டு கோளாறு. ஒத்துக்கறேன்,” என்றார், ஒத்துக்கொள்ளாத முகத்தோடு.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். கமிஷனர் மெதுவாகச் சொன்னார், “ஆனா மேடம், நான் போர்டப் பாத்து அளக்கல. உங்க பெட்டியப் பாத்துத்தான் அளந்தேன்.”

என் கொழுந்தன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். உங்களை விட்டா யாரை நம்புறது என்று கேட்ட அதே ஆள். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்த பாட்டிலைப் பிடுங்கி அவன் தலையிலேயே ஊற்றியிருப்பேன். சார் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கால்பகுதியில் நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கைகளை மட்டும் பார்த்தேன். ஆடுகளத்தில் இரண்டு ரெஃப்ரிகள். ஒருவன் என் கொழுந்தன். இன்னொருவனை ‘ஒல்லி’ என்போம். பந்து உள்ளே எறியப்படும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் கையைத் தூக்குவார். ஒல்லி கையைத் தூக்கும்போது பக்கத்தில் கமிஷனர் சும்மா இருந்தார். என் கொழுந்தன் தூக்கும்போது அவருடைய நாக்கு “ட்ச்” என்றது. மறுபடி ஒல்லி, சும்மா. மறுபடி என் கொழுந்தன், “ட்ச்.”

கவனித்துப் பார்த்தேன். ஆட்டக்காரன் பந்தைப் பிடித்துவிட்டான். என் கொழுந்தனின் கை இன்னும் மேலேயே நின்றது. பிடித்தவன் ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் இறங்கியது.

இவன் இப்படி இல்லையே. இவன் கை இறங்குவதும் பந்து படுவதும் ஒரே சத்தம் மாதிரி இருக்குமே. இன்றைக்கு மட்டும் ஏன்?

நான் நல்லவள்தான், ஆனால் குடும்பத்தில் இருக்கிறவள். எனக்கு உடனே அடுப்படியும் கரண்டிச் சத்தமும்தான் ஞாபகம் வந்தன. கடிகாரம் லேட்டானால் யார் மேல் பழி விழும்? என் மேல். யாருக்காகச் செய்தேன் என்பார்கள்? வருங்கால மருமகனுக்காக. விஷயம் வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்தப் பையன் யாருக்கு? உட்காரச் சொன்னதே இதற்குத்தானா? ராத்திரி தலையணை மந்திரம் ஓதிவிட்டாளா என் ஓரகத்தி? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்கு என் கொழுந்தனின் கையே பேயாகத் தெரிந்தது.

பிறகுதான் அவன் கண்ணைப் பார்த்தேன்.

நான்காவது கால்பகுதியின் நடுவில், பக்கவாட்டுக் கோட்டில் நின்று அவன் கையைத் தூக்கினான். பந்து எறியப்பட்டது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கியபடியே முழுத் தலையையும் திருப்பி என்னைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். நான் நேரத்தோடு அமுக்குகிறேனா இல்லையா என்று காவல் காத்துக்கொண்டிருந்தான். நான் அவன் கை இறங்கக் காத்திருந்தேன். அவன் என் விரல் இறங்கக் காத்திருந்தான். நடுவில் பந்து பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே சலித்துப்போய்க் கையை இறக்கினான், நானும் அமுக்கினேன். “ட்ச்,” என்றார் கமிஷனர்.

நீங்க முன்னாடி போங்க, இல்ல நீங்க போங்க என்று இரண்டு பேர் வாசற்படியில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நின்ற கதை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு என்னைச் சந்தேகப்பட்டானோ, அவ்வளவுக்கு அவ்வளவு என் கடிகாரம் லேட்டாகியது. லேட்டாக ஆக அவன் சந்தேகம் உறுதியாகியது.

வெள்ளை அணி டைம் அவுட் கேட்டது. அவன் மேசைக்கு வந்தான்.

“சார், ஒரு நிமிஷம். நீங்க பந்தப் பாருங்க. என்னப் பாக்காதீங்க,” என்றேன்.

“என்ன மேடம்?”

“நீங்க என்னப் பாக்குறதாலதான் உங்க கை லேட்டா இறங்குது. உங்க கைக்காக நான் காத்திருக்கேன்.”

அவன் முகம் கறுத்தது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், “கடைசியில பழிய என் மேலயே போடுறீங்களா? உக்காரச் சொன்னது நான். இப்ப மாட்டப்போறதும் நான். தெரியுமா உங்களுக்கு?”

அப்போதுதான் புரிந்தது. அவன் பயம் அது. விஷயம் வெளியே வந்தால், தெரிந்தே உட்கார வைத்தாயே என்று அவனைத்தான் முதலில் கேட்பார்கள். ஓரகத்தியாவது மந்திரமாவது. அவன் பாவம், தன் விசிலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்னைக் காவல் காக்கிறான். அது புரிந்ததால் என் கோபம் தணியவில்லை. என் நாற்காலி என் நாற்காலிதானே.

கமிஷனர் என் காதருகே சொன்னார், “ஆட்டம் முடியப்போற நேரத்துல ஆள மாத்தினா கலாட்டா ஆகும். அதனாலதான் விடுறேன். இன்னொரு தடவ நடந்தா எழுந்துருங்க மேடம்.”

கடைசி நிமிஷத்தில் சிவப்பு அணி ஒரு புள்ளி முன்னால் வந்துவிட்டது. மூன்றே விநாடி மிச்சம். பந்து வெள்ளை அணிக்கு. உள்ளே எறிய வேண்டிய இடம் எனக்கு நேர் எதிர்க்கோடு. அங்கே நிற்க வேண்டியவன் என் கொழுந்தன்.

வெள்ளை கோச் எழுந்து நின்று கைகளை உதறிக்கொண்டிருந்தான். வீட்டில் என்னை ஒரே ஒரு தடவை “அத்தை” என்று கூப்பிட்டவன். மாடியிலிருந்து இறங்கி வந்த என் மகள் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. இடி மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரிலேயே நின்றார்.

கொழுந்தன் கையைத் தூக்கினான். தூக்கியதும் தலையை என் பக்கம் திருப்பினான்.

திருப்பாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

பந்து புறப்பட்டது. அவன் கை மேலேயே இருந்தது, கண் என் மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கைக்காகக் காத்திருந்தால் நான் ஏற்பாட்டின்படி நடந்தவள், யாரும் சட்டம் பேச முடியாது. வெள்ளை அணிக்கு ஒரு விநாடி ஓசியில் கிடைக்கும், கூடை விழும், என் மகளின் மாப்பிள்ளை கோப்பையைத் தூக்குவான், நாற்காலி போகும். கைக்கு முன்னால் அமுக்கினால் ரெஃப்ரியை மீறியவள் ஆவேன், அப்போதும் நாற்காலி போகும். எப்படியும் போகிற நாற்காலிக்கு எதற்குப் பயந்து சாக வேண்டும்?

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் கையை விட்டுக் கண்ணை எடுத்தேன். பந்தைப் பார்த்தேன். நல்லவேளை, நடுவில் எந்த முதுகும் இல்லை. வெள்ளைச் சட்டை ஒன்று எகிறிப் பந்தைத் தொட்டது. அமுக்கினேன்.

அந்த ஆட்டக்காரன் இறங்கினான், ஒரு தடவை தட்டினான், ஒருவனை ஏமாற்றித் திரும்பினான், பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். கூடைப் பலகையைச் சுற்றி, நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹாரன் அலறியது. பந்து அவன் கையில்தான் இருந்தது. அப்புறம்தான் எறிந்தான். பந்து பொத்தென்று வலைக்குள் விழுந்தது.

பாதி அரங்கம் குதித்தது, பாதி அரங்கம் கத்தியது. வெள்ளை கோச் மேசைக்குப் பாய்ந்து வந்தான்.

“எப்படி டைம் முடியும்? ரெஃப்ரி கையே இன்னும் இறங்கல! அங்க பாருங்க!”

எல்லாரும் திரும்பினார்கள். எதிர்க்கோட்டில் என் கொழுந்தன் கை தூக்கியபடியே நின்றிருந்தான். ஹாரன் அடித்து முடித்த பிறகும், கூட்டத்தில் பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி நின்றிருந்தான். பிறகுதான் தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்து இறக்கினான்.

கமிஷனர் அவனை மேசைக்குக் கூப்பிட்டார். ஒல்லியும் வந்தான். இரண்டு கோச்சுகளும் சூழ்ந்துகொண்டார்கள். நான் இரண்டு கையையும் மேசை மேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டேன்.

“சார், உங்க கை இறங்குறதுக்கு முன்னாடி மேடம் கடிகாரத்த ஓட விட்டாங்களா?” என்று கேட்டார் கமிஷனர்.

ஆமாம் என்று அவன் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. கூடை செல்லும், அவன் விசில் தப்பும், நான் மேல்படிக்குப் போய் உட்காருவேன். அவன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை என் விரலை அல்ல.

“ஆமா சார்.”

கமிஷனர் விடவில்லை.

“பந்து எப்பப் பட்டுச்சு?”

“தெரியல சார். நான் பந்தப் பாக்கல.”

“பின்ன எதப் பாத்தீங்க?”

“அண்ணியப் பாத்துட்டு இருந்தேன்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. “எந்த அண்ணி?” என்றார் இடி, பார்வையாளர்கள் பக்கம் தேடிக்கொண்டே. அவன் தலையை என் பக்கம் ஆட்டினான்.

“சாயங்காலம் முழுக்க இவங்களத்தான் பாத்துட்டு இருக்கேன் சார். அதனால கை லேட்டாச்சு. லேட்டு எல்லாம் என்னோடது. இவங்க பொண்ணுக்கு வெள்ளை டீம் கோச்சப் பேசிட்டு இருக்காங்க. அதத் தெரிஞ்சுதான் உக்காரச் சொன்னேன். அப்புறம் நானே சந்தேகப்பட்டேன்.”

அத்தனை பேர் முன்னால் என் மகள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டானே என்று கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒல்லி தொண்டையைச் செருமினான்.

“நான் கூடைக்குக் கீழ இருந்தேன் சார். பந்து பட்டதும் கடிகாரம் கிளம்பிருச்சு, பாத்தேன். லைட் எரியும்போது பந்து கையிலதான் இருந்துச்சு.”

கமிஷனர் தன் தொடையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை எடுத்து மேசை மேல் வைத்தார். பந்து பட்டதிலிருந்து ஹாரன் வரை அதில் சரியாக மூன்று விநாடி. கூடை செல்லாது என்றார். சிவப்பு அணி ஜெயித்தது.

கூட்டம் கலைந்த பிறகு இடி வந்து நின்றார். “சிஸ்டர், தப்பா நெனச்சுட்டேன்.”

“நெனச்சது பரவால்ல சார். சத்தமா நெனச்சீங்க பாருங்க, அதான்,” என்றேன். அவர் அதற்கும் சத்தமாகச் சிரித்தார்.

வெள்ளை கோச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனான். இரண்டடி போய்த் திரும்பி, “நல்லா பண்ணீங்க மேடம்,” என்றான். குரலில் மரியாதை இருந்தது. அத்தை இல்லை. அந்த வீட்டிலிருந்து பதில் வரவே இல்லை. ஒரு கூடைக்கே இப்படி முகம் தூக்குகிறவர் ஒரு குழம்புக்கு என்ன செய்வாரோ என்று என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை என்று எனக்குத் தெரியும். என் ஓரகத்தியின் அக்கா மகளுக்கும் அந்தப் பையன் அமையவில்லை, அது தனிக்கதை.

கமிஷனர் ரிப்போர்ட் எழுதினார். என் கொழுந்தனுக்குக் கொஞ்ச நாள் பெரிய ஆட்டங்கள் இல்லை. எனக்கு, சொந்தம் சம்பந்தப்பட்ட ஆட்டம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒரு அறிவுரை. நாற்காலி தப்பியது.

அன்றைக்கு வண்டியில் திரும்பும் வழியில் அவன் சிக்னலில் நிற்கும்போது பின்னால் திரும்பாமலே கேட்டான்.

“அண்ணி, கடைசியில நீங்க என் கையப் பாக்கவே இல்லையே.”

“நீ பந்தப் பாத்திருந்தா நான் உன் கையப் பாத்திருப்பேன்.”

நானும் கேட்டுவிட்டேன். “உன் பொண்டாட்டி இந்தச் சம்பந்தத்தப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

அவன் இப்போது திரும்பினான். “நீங்களும் என்னச் சந்தேகப்பட்டீங்களா?”

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். “வண்டிய எடு தம்பி,” என்றேன்.

அடுத்த ஞாயிறு கீழ்ப்பிரிவு ஆட்டம் ஒன்றுக்குப் போனோம். செத்துப்போன குச்சியை மாற்றியிருந்தார்கள். எட்டு எட்டாகவே தெரிந்தது. மேல்படியில் தனியாக உட்கார்ந்திருந்த பழைய டைம்கீப்பருக்கு நான் வணக்கம் சொன்னேன், அவர் ஆச்சரியத்தோடு கையை உயர்த்தினார். என் கொழுந்தன் அன்றைக்கு ஒரு தடவைகூட மேசைப் பக்கம் திரும்பவில்லையாம், பந்து படுவதும் அவன் கை இறங்குவதும் பழையபடி ஒன்றாகவே இருந்தனவாம். ஒல்லி சொல்லித்தான் தெரியும். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.